மூணு தண்ணி

அறுபத்திரண்டு வயதில், சம்பளமே இல்லாத வேலைக்குக் கடல் தாண்டிப் போனார் டாக்டர். காலையில் ஐந்து மணி நேரம் தோட்டத்தில் குனிந்து நிமிர வேண்டும். பதிலுக்குப் படுக்க ஓர் அறை, மூன்று வேளைச் சாப்பாடு. ரசாயனம் படாத இயற்கைப் பண்ணையில் தன்னார்வத் தொண்டு என்று அதற்கு ஒரு கௌரவமான பெயர் உண்டு. "குனியறதுக்கு இங்க மண்ணே இல்லையாக்கும்" என்று கடைத்தெருவில் சிரித்தார்கள். மகள்தான் கணினியில் தேடி, தமிழ் பேசுகிற வீடாகப் பார்த்து விண்ணப்பம் போட்டுக் கொடுத்தாள்.

டாக்டர் என்றதும் ஊசி போடுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். படித்தது பன்னிரண்டாம் வகுப்பு. இருபத்தாறு வருடம் பூச்சிமருந்துக் கடை வைத்திருந்தார். வாடிய இலையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தால், நெற்றியில் இருக்கும் கண்ணாடியை இறக்கி, இலையைத் திருப்பிப் பார்த்து, "இதுக்கு இதுதான்" என்று அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வைப்பார். ஊர் அப்படியே டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. அவருடைய நோயாளிகளுக்கு வாய் கிடையாது. அதனால் அவர் கையில் தப்பு நடந்ததாக யாரும் சொன்னதில்லை.

விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் 'விவசாய சேவை' என்று எழுதச் சொன்னார். மகள் ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு அப்படியே எழுதினாள்.

ஏன் போனார் என்றால், அதற்கு அவருடைய தங்கையைச் சொல்ல வேண்டும். பதினோரு வருடமாக அவள் இவரோடு பேசுவதில்லை. தங்கையின் கணவர், மச்சானின் மூன்று ஏக்கர் பருத்தி கருகிப்போன வருடத்தில் நின்ற பேச்சு. அடுத்த வருடமே மச்சான் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஒரு கிடங்கில் காவல்காரராகப் போனார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அங்கேயே, நாற்காலியில் உட்கார்ந்தபடி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். சாவு வீட்டில் தங்கை இவரைப் பார்த்து, "வந்தியா?" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு டாக்டருக்குக் கடையில் உட்கார முடியவில்லை. ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டில் இருந்தார். அங்கேயும் இருப்புக் கொள்ளவில்லை. விஷம் விற்ற கையால் கொஞ்ச நாள் விஷமில்லாத மண்ணைத் தொட்டால் மனசு ஆறும் என்று நினைத்தார். பாவத்தைக் கழுவ ஆற்றுக்குப் போவார்கள். இவர் விமானத்தில் போனார்.

பண்ணைக்காரி அந்த நாட்டிலேயே பிறந்தவள். ஐம்பது வயது இருக்கும். தமிழ் எழுதப் படிக்க வராது, பேச்சு மட்டும் தண்ணீர் பட்ட பாடு. அவள் கணவர் அந்த நாட்டுக்காரர். வாசலில் குனிந்துதான் நுழைவார் என்பதால் டாக்டர் மனதுக்குள் அவருக்கு நெட்டையர் என்று பெயர் வைத்தார். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் நெட்டையர் கற்றுக்கொண்ட தமிழ் மூன்று சொல்: சாப்பாடு, சரி, போதும். குடும்பம் நடத்த அது தாராளம் என்பாள் பண்ணைக்காரி.

வந்த அன்றைக்கே அவள் கேட்டாள். "உங்களை அண்ணானு கூப்பிடலாமா? எனக்குக் கூடப்பொறந்தவங்க யாரும் இல்ல."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. கடையில் ஆயிரம் பேர் அண்ணே என்பார்கள். சொல்ல வேண்டியவள் சொல்லிப் பதினோரு வருடம்.

கார் நிறுத்தும் கொட்டகைக்கு மேலே அவருக்கு அறை. கூரை ஒரு பக்கம் சரிந்திருக்கும். முதல் வாரம் முழுக்கத் தலையில் இடித்துக்கொண்டார். விடிந்ததும் முன்பு வந்து போனவர்கள் விட்டுச்சென்ற ரப்பர் பூட்ஸ்களில் தன் அளவைத் தேடிப் போட்டுக்கொண்டு இறங்குவார். களை பிடுங்குவது, மட்கிய குப்பையைக் கூடையில் அள்ளிப் பாத்திக்குக் கொண்டுபோவது, பீன்ஸ் கொடிக்குக் குச்சி நடுவது. முதுகு பிடித்துக்கொண்டது, மனசு பரவாயில்லை என்று மகளிடம் போனில் சொன்னார்.

கருவிக் கொட்டகையின் கதவில் ஒரு பலகை தொங்கியது. பண்ணைக்காரி அதைப் படித்துச் சொல்லியிருந்தாள். "வெளியிலேர்ந்து எதுவும் இந்த வேலிக்குள்ள வரக்கூடாது. விதை, எரு, வைக்கோல், கருவி, எதுவுமே. அடுத்த வீட்டு மண்வெட்டிகூட வேண்டாம் அண்ணா."

காரணம் இருந்தது. மூன்று வருடம் ஒரு சொட்டு ரசாயனம் படவில்லை என்று நிரூபித்தால் அந்த மண்ணுக்குச் சான்றிதழ் தருவார்கள். அது வந்தால் டவுன் ஆஸ்பத்திரியின் சமையலறை காய் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். வேலைக்கு ஆள் வைக்கலாம். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த மூட்டு ஆபரேஷனை நெட்டையர் செய்துகொள்ளலாம். மூன்று வருடம் முடிய ஒரு மாதம்கூட இல்லை. ஆய்வாளர் வர இன்னும் பத்தொன்பது நாள். பண்ணைக்காரி சமையலறைக் காலண்டரில் தினமும் ஒரு கோடு அடித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் பீன்ஸில் அசுவினி விழுந்தது. பச்சைப் பேன் மாதிரி, குருத்தெல்லாம் அப்பிக்கொண்டு. சோப்புத் தண்ணீர் தெளித்தால் போய்விடும், அதற்கு அனுமதியும் உண்டு. ஆனால் பண்ணையின் முதுகுத் தெளிப்பானில் பம்ப் உடைந்து, மாற்றுச் சாமான் தபாலில் வந்துகொண்டிருந்தது. பண்ணைக்காரி ஒரு வாளியில் சோப்புத் தண்ணீரும் துணியுமாக உட்கார்ந்து ஒவ்வோர் இலையாகத் துடைத்தாள். நெட்டையர் முட்டி போட முடியாமல் ஒரு ஸ்டூலை நகர்த்தி நகர்த்தித் துடைத்தார். பதினோரு வரிசை. இரண்டு நாளில் இரண்டு வரிசைதான் முடிந்தது. முதல் வரிசையில் மறுபடி அசுவினி ஏறிவிட்டது.

இருபத்தாறு வருடம் பூச்சியைப் பார்த்தாலே கை அலமாரிக்குப் போன மனிதர் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா?

மூன்றாம் நாள் நெட்டையரின் மூட்டைக் காட்டுவதற்காகக் கணவனும் மனைவியும் டவுனுக்குப் போனார்கள். கார் தெருமுனையில் மறைந்ததும் டாக்டர் வேலியைத் தாண்டிப் பக்கத்துத் தோட்டக்காரரிடம் போய், சைகையும் அரைகுறை ஆங்கிலமுமாக அவருடைய தெளிப்பானை இரவல் வாங்கினார். எதற்கு அடித்தது என்று கேட்கவும் கேட்டார். பாதையோரப் புல்லுக்கு, இரண்டு மாதத்துக்கு முன்னால் என்றார் அவர். களைக்கொல்லி. டாக்டர் டேங்க்கைத் திறந்து முகர்ந்தார். வாடை இல்லை. பண்ணைக்கு எடுத்துவந்து குழாயடியில் வைத்து ஒரு தண்ணீர், இரண்டு தண்ணீர், மூன்று தண்ணீர் விட்டு அலசினார்.

கடையில் அவர் எல்லோருக்கும் சொன்ன மந்திரம் அது. "மூணு தண்ணி விட்டு அலசு, போதும்." கம்பெனிக்காரர்கள் கொடுத்த தாளில் வேறு மாதிரி இருந்தது. களைக்கொல்லி அடித்த டேங்க்கில் சலவைச் சோடா கரைத்து ஓர் இரவு ஊற வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்து ரப்பர் குழாய்க்குள் ஒளிந்திருக்கும். பீன்ஸுக்கும் பருத்திக்கும் அந்த டேங்க்கை எடுக்கவே கூடாது. அதையெல்லாம் சொன்னால் எவன் கேட்பான் என்று அவர் சொல்வதில்லை. சொல்லாமல் சொல்லாமல் அவருக்கே மறந்துபோயிற்று. ஒரு பொய்யை இருபத்தாறு வருடம் மற்றவர்களுக்குச் சொன்னால் கடைசியில் நம்புவதற்கு நாமே மிஞ்சுவோம்.

சோப்புத் தண்ணீரை நிரப்பிப் பதினோரு வரிசைக்கும் அடித்தார். பழகிய கை, ஒரு குருத்து விடவில்லை. சாயங்காலத்துக்குள் தெளிப்பானைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

திரும்பி வந்த பண்ணைக்காரி செத்து உதிர்ந்திருந்த அசுவினியைப் பார்த்து வாயில் கை வைத்துக்கொண்டாள். "அண்ணா! எப்படி? நம்ம பம்ப்பைச் சரி பண்ணிட்டீங்களா?"

"ஆமாம்மா. தட்டிக் கொட்டிப் பார்த்தேன், கொஞ்ச நேரம் ஓடுச்சு. மறுபடி நின்னுருச்சு."

ஒரு சின்னப் பொய். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் அவர் தட்டில் எல்லாமே இரண்டு கரண்டியாக விழுந்தது. நெட்டையர் எழுந்து வந்து கையைக் குலுக்கினார்.

மருந்தடித்த மூன்றாம் நாள் காலையில், பத்தடி தூரத்தில் வரும்போதே டாக்டருக்குத் தெரிந்துவிட்டது. குருத்திலைகள் கிண்ணம் மாதிரி மேல்நோக்கிச் சுருண்டிருந்தன. தண்டு முறுக்கிக்கொண்டு நின்றது. ரப்பருக்குள் கிடந்ததைச் சோப்புத் தண்ணீர் நன்றாக இழுத்துக்கொண்டு வந்து இலையில் சேர்த்திருந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை.

இதை அவர் முன்பு ஒரு தடவை பார்த்திருக்கிறார். மச்சானின் பருத்தியில்.

கடையில் மருந்து வாங்குகிறவர்களுக்கு டாக்டர் தெளிப்பானை இலவசமாகக் கொடுப்பார். ஊருக்கே ஒரு டேங்க். காலையில் ஒருவன் களைக்கொல்லி அடித்துவிட்டுக் கொண்டுவருவான். கடைக்குப் பின்னால் மூணு தண்ணி விட்டு அலசி, மத்தியானம் இன்னொருவனுக்குக் கொடுப்பார். ஒரு மத்தியானம் வாங்கிப்போனது மச்சான். நாலாம் நாள் மச்சான் ஒரு பருத்தி இலையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பருத்தி இலை வெண்டை இலை மாதிரி விரல் விரலாகப் பிளந்து போயிருந்தது. டாக்டர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். பார்த்ததும் புரிந்தது. கடையில் அப்போது ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். அதே டேங்க்கை வாங்கிப் போகிறவர்கள். "வைரஸ், மச்சான்" என்று சொல்லி ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார். மச்சான் பாட்டிலையும் அவரையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது பண்ணைக்காரி ஒரு பீன்ஸ் இலையைப் பறித்து வந்து சமையலறை மேசையில், அவர் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அண்ணா, இது என்ன நோய்?"

டாக்டர் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்க்க ஒன்றும் இல்லை.

"வைரஸா இருக்குமோ?" என்றாள் அவளே. "விதை வழியா வருமாமே. நான் வருஷா வருஷம் நம்ம விதையத்தான எடுத்து வைக்கிறேன்."

பதில் தயாராக அவர் கையிலேயே வந்து விழுந்தது. "இருக்கலாம்" என்றார்.

அன்று முழுவதும் செடிகளைப் பிடுங்கினார்கள். டாக்டரும் பிடுங்கினார். அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டே இருந்தாள். ஆசைப்பட்டுப் பழைய விதையை வைத்துக்கொண்டது தப்பு, அம்மா கொடுத்தது என்று பார்த்தது தப்பு. நெட்டையர் ஸ்டூலை நகர்த்திக்கொண்டு வேர்களை உதறினார். டாக்டர் பலமுறை வாயைத் திறந்தார். அறைக்குப் போகும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு என்று நினைத்தார். கூரை இடிக்கும் அந்த அறையில் விடியும்வரை உட்கார்ந்திருந்தார். செடி போனால் போகட்டும், ஆய்வாளர் வந்து பார்க்கும்போது வெறும் மண் இருக்கும், சான்றிதழ் வந்துவிடும், யாருக்கு என்ன நஷ்டம் என்று கூட ஒரு பக்கம் தோன்றியது. அந்தப் பக்கம் எப்போதும் அவருக்கு வசதியான பக்கம்.

மறுநாள் மத்தியானம் கொட்டகைக்குப் பின்னாலிருந்து புகை வந்தது. போய்ப் பார்த்தார். இரும்புப் பீப்பாயில் பிடுங்கிய கொடிகள் எரிந்துகொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு மரப்பெட்டி. அதில் பதினாலு கண்ணாடி பாட்டில்கள், நிறையப் பீன்ஸ் விதை. வெள்ளை, கறுப்பு, புள்ளி போட்டது, சிவப்பு. ஒவ்வொன்றிலும் வருடம் எழுதி ஒட்டியிருந்தது. பண்ணைக்காரி ஒரு பாட்டிலைத் திறந்து நெருப்பில் கவிழ்த்தாள். விதைகள் படபடவென்று வெடித்தன.

"என்னம்மா பண்றே?"

"நோய் இதுலதான அண்ணா இருக்கு. வச்சுக்கிட்டு என்ன செய்ய?" அவள் அடுத்ததைத் திறந்தாள். "இது எங்கம்மா வீட்டுக் கொல்லைல போட்டது. அவங்க போறதுக்கு முந்தின வருஷம் கொடுத்தாங்க."

ஒரு பொய் சொல்லிவிட்டால் போதும், மிச்ச வேலையை நம்பினவர்களே செய்துவிடுவார்கள். மூன்றாவது பாட்டிலும் போயிற்று. நான்காவது. ஐந்தாவது மூடி திறக்க வராமல் அவள் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு முறுக்கியபோது, அவர் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வைரஸ் இல்லம்மா."

"என்ன?"

"விதையில ஒண்ணும் இல்ல. நான்தான். பக்கத்துத் தோட்டத்து டேங்க்க வாங்கிட்டு வந்து அடிச்சேன். அதுல களைக்கொல்லி இருந்துச்சு. மூணு தண்ணி விட்டு அலசினேன். போதும்னு நெனச்சேன்."

பண்ணைக்காரி பாட்டிலைப் பெட்டியில் திரும்ப வைத்தாள். காலியான நாலு பாட்டில்களையும் பார்த்தாள்.

"நேத்தே தெரியுமா உங்களுக்கு? நான் இலையக் கொண்டுவந்து கேட்டப்பவே?"

"பாத்ததுமே தெரியும்."

"எப்படித் தெரியும்? ஊர்ல என்ன வேல பாத்தீங்க, நிஜமா?"

"மருந்துக்கடை" என்றார் டாக்டர். "இருபத்தாறு வருஷம். களைக்கொல்லியும் வித்தேன்."

அவள் அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை. அவள் கணவரிடம் அவர்கள் மொழியில் நாலு வார்த்தை சொன்னாள். நெட்டையர் ஸ்டூலிலிருந்து எழவில்லை. தன் முட்டியைத் தடவிக்கொண்டார். டாக்டருக்குப் பதற்றம். பேசிக்கொண்டே போனார், மன்னிப்பு, நல்லதுக்குத்தான் செய்தேன், வயசு ஆயிடுச்சு, புத்தி கெட்டுப்போச்சு. பேச்சு எங்கெங்கோ போய்க் கடைசியில் அவருக்குத் தெரிந்த பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது.

"செடியத்தான் எல்லாத்தையும் பிடுங்கிட்டோமே. ஆய்வாளர் வந்தாலும் ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. யாருக்கும் தெரியாதும்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எனக்குத் தெரியுமே" என்றாள்.

டாக்டர் மறுபடி ஏதோ ஆரம்பித்தார். நெட்டையர் கையை உயர்த்தினார்.

"போதும்" என்றார், தமிழில்.

சாயங்காலம் பண்ணைக்காரி ஆய்வாளருக்குப் போன் செய்தாள். டாக்டர் மாடிப்படியில் நின்று கேட்டார். மொழி புரியாவிட்டாலும், அவள் ஒரே வாக்கியத்தை இரண்டு தடவை நிதானமாகச் சொன்னதும், எதிர்ப்பக்கம் வெகுநேரம் பேசியதும், இவள் சரி சரி என்றதும் புரிந்தது. பிறகு காலண்டரைக் கழற்றிச் சுவரோரமாக வைத்தாள். அந்த மண்ணுக்கு மறுபடி முதலிலிருந்து மூன்று வருடம்.

"பஸ் பத்தேகாலுக்கு" என்றாள் மறுநாள் காலையில். "நடந்தா இருபது நிமிஷம். ரொட்டி கட்டி வச்சிருக்கேன், எடுத்துக்குங்க."

அண்ணா என்று சொல்லவில்லை. சொல்லுவாள் என்று அவர் ஒரு கணம் காத்திருந்தார்.

பஸ் நிறுத்தத்தில் ஒரு தகரக் கூரையும் பெஞ்சும். எதிரே உழுது போட்ட வயல், வெறும் ஈரமண். டாக்டர் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு போனை எடுத்தார். மகளுக்கு என்று எடுத்தவர், விரலைத் தங்கையின் எண்ணுக்குப் போக விட்டார். பதினோரு வருடமாக அவள் எடுத்ததில்லை. நாலைந்து மணி அடித்து நின்றுவிடும். இன்று எடுத்தாள்.

"சொல்லு."

"அம்மாடி... உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு மச்சான் பருத்தி போச்சுல்ல. அது வைரஸ் இல்லடா. நம்ம கடை டேங்க். காலைல களைக்கொல்லி அடிச்ச டேங்க். எனக்கு அப்பவே தெரியும்."

மறுபக்கம் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது.

"அவருக்கும் தெரியும்" என்றாள் தங்கை.

"என்ன சொல்றே?"

"இலை வெண்டை மாதிரி ஆனா என்ன அர்த்தம்னு பருத்திக்காட்டுல பொறந்தவருக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் கொண்டுவந்து உன் மேசைல வச்சாரு. நீ வைரஸ்னு சொன்னே. 'கூட்டத்துல சொல்ல உன் அண்ணனுக்குச் சங்கடமா இருந்திருக்கும், தனியா கூப்பிட்டுச் சொல்லுவான்'னு எங்கிட்ட சொன்னாரு. அப்புறம் ஒரு மாசம், வயலுக்குப் போற வழிய விட்டுட்டு, தெனமும் உன் கடை வழியாத்தான் சுத்திப் போனாரு. நீ ஒரு நாளும் கூப்பிடல."

டாக்டருக்கு ஞாபகம் வந்தது. காலையில் சைக்கிள். மெதுவாகப் போகும். மச்சான் திரும்பிப் பார்ப்பார். டாக்டர் உடனே அலமாரிப் பக்கம் திரும்பிப் பாட்டிலை அடுக்குவார்.

"பயிர் போனதுக்காக நாங்க உன்ன வெறுக்கல" என்றாள் அவள். "தப்பு எல்லாருக்கும் வரும். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரு சிரிச்சுட்டு அடுத்த போகம் போட்டிருப்பாரு."

தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்தது. டாக்டர் எழுந்து நின்றார். கையில் ரொட்டிப் பொட்டலம் நசுங்கியது.

"நான் ஊருக்குத்தான் வரேன். வந்ததும் வீட்டுக்கு வரட்டுமா?"

அவள் குழாயை மூடுவது கேட்டது.

"வா" என்றாள். "நீ அன்னைக்குக் கொடுத்த பாட்டில் சீல்கூட உடைக்காம பரண்மேல இருக்கு. அவரு தூக்கிப் போட விடல, 'உன் அண்ணன் ஒருநாள் இதப் பத்திக் கேப்பான்'னு எங்கிட்ட சொன்னாரு. வந்து எடுத்துட்டுப் போ."

போன் அணைந்தது. பஸ் வந்து நின்று கதவு திறந்தது. ஓட்டுநர் ஏதோ கேட்டார். டாக்டருக்கு அந்த மொழி தெரியாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினார்.